முந்தின நாள் தேய்த்த கம்பளம்

குழலம்மா மடத்துக் கம்பளம், ஆடிச் சாரல் ஓய்ந்த கையோடு நாற ஆரம்பித்தது.

முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூடத்தில் உட்காருகிறவர்கள் அத்தனை பேரும் மூச்சைக் கவனிக்கிறவர்கள். உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும்தான் அவர்களுக்கு வேலை. அவர்கள் மூக்குக்கா தெரியாமல் இருக்கும்? தெரிந்தும், ஈரச் செம்மறி ஆட்டுக் கிடைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போன்ற அந்த வாடையில், முகத்தை மட்டும் சாந்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குற்றாலத்து மலைக்கு இந்தப் பக்கம், தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன மடம் அது. குழல்வாய்மொழி என்பது அந்தப் பக்கத்து அம்மன் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இருபது வருஷம் தென்காசியில் தையல் மிஷின் மிதித்தவள்தான் இப்போது மடத்துக்குத் தலைமை, எல்லாருக்கும் குழலம்மா. அவளுக்கு முன் தலைமையாக இருந்த பெரிய சாமி கண்ணை மூடுவதற்கு முன் அவளைத்தான் கைகாட்டிவிட்டுப் போனார். வயது நாற்பத்தாறு. நன்றாகச் சாப்பிடுவாள், வயிறு குலுங்கச் சிரிப்பாள். உபதேசம் கேட்டு வருகிறவர்களிடம், சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். பாதிப் பேருக்கு அதோடு உபதேசம் முடிந்துவிடும்.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் பூதலிங்கம். அவளைவிட இருபத்தொரு வயது பெரியவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். மடத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை பட்டினி, வெள்ளிக்கிழமை மௌனம், மற்ற நாளில் ஒரு வேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை. இதில் எதையும் குழலம்மா சொல்லவில்லை. அவராக ஏற்றுக்கொண்டது. கம்பளத்தைக் காலையும் மாலையும் பெருக்குகிற வேலையும் அப்படி அவர் ஏற்றுக்கொண்டதுதான். வேறு யாரையும் விளக்குமாற்றைத் தொட விடமாட்டார்.

ஏன் இத்தனை என்றால், அவர் செய்தது அப்படி.

ஒரே மகள் காந்திமதி. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லித் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. அது பல வீட்டில் நடக்கிறதுதான். ஆனால் அவர் சம்சாரம் வடிவம்மாள் இறந்த அன்று, தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடி வந்த மகளை வாசலில் மறித்து, “நீ யாரு?” என்று கேட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை தெருவில் நின்றபடி, பாடை தன்னைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தவருக்குத் தான் அன்று வாசலில் கேட்டது காதில் விழுந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தவர் நேராக இந்த மடத்துக்குத்தான் வந்தார்.

இப்போது அவளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. நாலே வரி. பாப்பாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை ராஜபாளையத்தில் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. நீங்கள் வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். காந்திமதி.

பூதலிங்கம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மூன்று நாளாகப் பதில் போடவில்லை.

திங்கட்கிழமை காலை குழலம்மா முன்னால் வந்து நின்றார். கடிதத்தைக் கொடுத்தார். அவள் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன செய்யப் போறீய?”

தை மாதத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லி எழுதப் போவதாகச் சொன்னார். அதற்குள் இரண்டு மண்டலம் விரதம் இருந்துவிடலாம். இந்த மனசோடு, இந்த உடம்போடு போய் அந்தப் பிள்ளையை எப்படி மடியில் வாங்குவது? எட்டு வருஷமாகத் தேய்த்தும் அந்த ஒரு வார்த்தை போகவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போய்விடும் என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகு போகலாம்.

இதைச் சொல்லிவிட்டு, அவரை வெகுநாளாகக் குடைந்துகொண்டிருந்ததையும் கேட்டுவிட்டார்.

“அம்மா, மனச நாமளே கழுவிக்கிட முடியுமா? இல்ல, அதுக்கும் ஒருத்தர் வேணுமா?”

குழலம்மா காற்றை ஒரு தடவை முகர்ந்தாள்.

“கம்பளம் நாறுது அண்ணாச்சி. மொதல்ல அதுக்கு ஒரு வழி பாப்போம்.”

அப்பாடா என்று மடமே மூச்சு விட்டது. பிறகு கேட்க வேண்டுமா? நாமே கழுவுவதா, ஆளைக் கூப்பிடுவதா என்று கூடத்தில் பெரிய வழக்கே நடந்தது. சமையல்கட்டுச் செல்லத்தாய், ஜமுக்காளம் துவைக்கிற மாதிரி ஆற்றுக்குக் கொண்டுபோய் அடித்துத் துவைத்துப் பாறையில் விரித்தால் தீர்ந்தது என்றாள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி, முழுக்கக் கம்பளி. நனைந்தால் அதைக் கரையேற்ற யானையைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஒருவர் சொன்னதும் அவள் கோபித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பூதலிங்கம், வெளியாள் எதற்கு என்றார். தென்காசியில் கம்பளம் கழுவுகிற மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, சோப்புத்தூள் இருக்கிறது, நமக்குக் கை இருக்கிறது. தன் வேட்டியைச் சம்சாரம் இருந்த காலத்திலும் தானே துவைத்துக்கொண்ட மனுஷன் அவர். அடுத்தவன் வந்து நம் அழுக்கைப் பார்ப்பதா என்று நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

குழலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முறுக்கு தின்று முடித்தாள். மேலப்பாளையத்தில் மைதீன் பிச்சை என்று ஒருவர் இருக்கிறார், பள்ளிவாசல் கம்பளமெல்லாம் அவர்தான் சுத்தம் செய்கிறார், வியாழக்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது என்றாள்.

“அன்னைக்கு நீங்க அவரு கூடவே நில்லுங்க, அண்ணாச்சி.”

அவ்வளவுதான் அவள் சொன்னது.

புதன்கிழமை வந்தது. பூதலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கம்பளத்தில் ஒரு சாண் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. போன கார்த்திகையில் அவர் கைதவறிக் கொட்டியது. நாளைக்கு வருகிற மனுஷன் எத்தனை பள்ளிவாசலைப் பார்த்தவர். ஒரு மடத்துக் கம்பளம் இப்படியா என்று நினைத்துவிட்டால்? மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு வாளி வெந்நீரும் சலவைச் சோடாவும் தேங்காய் நார்ப் பிரஷும் எடுத்துக்கொண்டு போனார். தேய்த்தார். போகவில்லை. இன்னும் சோடாவைக் கொட்டித் தேய்த்தார். இரண்டு மணி நேரம், முழங்கை வலிக்க வலிக்கத் தேய்த்தார். கறை கொஞ்சம் மங்கியது மாதிரி இருந்தது. ஆனால் சிவப்புச் சாயம் கிளம்பிப் பக்கத்தில் நெய்திருந்த வெள்ளைக் கொடி வேலைப்பாட்டில் ஏறியிருந்தது. கம்பளியின் மயிர் எழும்பி, சிக்குப் பிடித்த தலை மாதிரி நின்றது. ஒரு கோரைப்பாயை எடுத்து அந்த இடத்தில் விரித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு மைதீன் பிச்சை வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனுஷர், வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய கைலி. வேனில் மிஷின் இருந்தது. அதை இறக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கம்பளத்தில் ஏறி ஓரம் ஓரமாக நடந்தார். பிறகு முட்டி போட்டார். உள்ளங்கையைப் பதித்து ஒரு தடவை இந்தப் பக்கமாகவும் ஒரு தடவை அந்தப் பக்கமாகவும் தடவினார். குனிந்து முகர்ந்தார். பால்மாடு வாங்க வந்தவர் மாட்டைத் தடவிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. ஆனாலும் பூதலிங்கத்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் எட்டு வருஷமாகத் தாம் தேடிய கவனம், கைலி கட்டிக்கொண்டு வந்து முட்டி போட்டிருக்கிறது.

வடக்கு மூலையில் ஓரிடத்தில் கை நின்றது.

“இங்கன உக்காருறவருக்கு எடது முட்டு வலி உண்டு போல. பாரத்த முழுக்க வலப்பக்கமே போடுதாரு.”

அது பூதலிங்கத்தின் இடம். முட்டு வலியை அவர் எட்டு வருஷமாக ஒருத்தரிடமும் சொன்னதில்லை. வாசற்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த குழலம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கல்லைப் பொறுக்கினாள்.

நாலு பேர் பிடித்துக் கம்பளத்தைக் குப்புறப் போட்டார்கள். மைதீன் பிச்சை ஒரு தட்டையான கம்பால் அதன் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். அடிக்கவில்லை, தட்டினார். பிறகு தூக்கிப் பார்த்தால் தரையெல்லாம் மண். பூதலிங்கம் திகைத்துப் போய்விட்டார். தினம் இரண்டு வேளை பெருக்குகிறேனே, ஒரு நாள் தவறியதில்லையே என்றார்.

“வெளக்குமாறு மேலதான பெருக்கும் ஐயா. பாதி குப்பைய வெளிய தள்ளும், மீதிய உள்ள தள்ளும்.”

மைதீன் பிச்சை அந்த மண்ணைக் கொஞ்சம் விரலில் எடுத்துக் காட்டினார். கம்பளத்தில் மேலாக இருந்தது சாம்பல் நிறம், திருநீறும் தூசியும். அதற்கு அடியில் ஆற்று மணல். எல்லாவற்றுக்கும் அடியில் செம்மண். மடத்து முற்றத்தில் இப்போது செம்மண்ணே கிடையாது. பெரிய சாமி இருந்த காலத்தில் கல் பாவுவதற்கு முன்னால் இருந்ததாம். பதினைந்து வருஷத்து மண். அந்தக் காலத்தில் வந்து போனவர்களின் கால்மண். அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இல்லை. அத்தனையையும் இந்தக் கம்பளம் உள்ளே வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்திருக்கிறது. பூதலிங்கம் அந்தச் செம்மண்ணில் ஒரு துளி எடுத்து, தம்மை அறியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கம்பளத்தைத் திருப்பிப் போட்டார்கள். அப்போதுதான் மைதீன் பிச்சை குத்துவிளக்குப் பக்கம் போய்க் கோரைப்பாயைத் தூக்கினார்.

கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு விரலால் அந்தச் சிக்கை நீவினார்.

“யாரு தேய்ச்சது?”

எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, யாருடா செய்தது என்று கேட்ட மனுஷன், பிள்ளையைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான்தான் பாய். நேத்து.”

மைதீன் பிச்சை திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரித்தார். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் பூதலிங்கத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எல்லா வீட்லயும் இதான் ஐயா. நான் வாரேன்னு சொன்ன ஒடனே கூசிப்போயி முந்தின நாளே தேய்ச்சு வச்சுருவாவ. அழுக்கப் பாத்து நான் என்ன நெனப்பேனோன்னு. அழுக்கு இருக்குன்னுதான என்னையக் கூப்பிட்டீய?”

பிறகு வேலையில் இறங்கினார். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்திலும் ஒற்றி, சாயம் விடுகிறதா என்று பார்த்தார். கம்பளிக்குச் சோடா ஆகாது, வெந்நீரும் ஆகாது என்றார். பச்சைத் தண்ணீரில் எதையோ கலந்தார். கொஞ்சம் வினிகரும் ஊற்றினார். கூடத்தில் ஊறுகாய் வாசம் வந்தது. தெளித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று பூதலிங்கம் பதறினார். ஊறட்டும், அது தன் வேலையைச் செய்கிறது, நாம் போய் நடுவில் புகுந்தால் கெட்டுவிடும் என்று பதில் வந்தது.

அரைமணி கழித்து மிஷினை ஓட்டினார். அது தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி உறிஞ்சியது. பின்னால் இருந்த கண்ணாடித் தொட்டியில் உறிஞ்சிய தண்ணீர் வந்து விழுந்தது.

பூதலிங்கம் அந்தத் தொட்டியைப் பார்த்தார். கறுப்பு. அடுப்புக்கரி கரைத்த மாதிரி கறுப்பு. நாற்றம் இருக்கிறது என்று தெரியும், கறை இருக்கிறது என்று தெரியும், ஆனால் இத்தனையா? இதன் மேலா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம்? தொட்டி நிறைந்தது, கொட்டினார்கள். மறுபடி நிறைந்தது. நாலாவது தடவை பழுப்பானது. ஆறாவது தடவை தெளிந்து வந்தது. அவர் தோப்புக்கும் கூடத்துக்கும் வாளி சுமந்து நடந்தார். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் கம்பளம் வேறு கம்பளமாக இருந்தது.

சிவப்பு என்று நினைத்திருந்தது சிவப்பில்லை, மாதுளை முத்து நிறம். மஞ்சள் என்று நினைத்திருந்த ஓரம் பால்வெள்ளை. நடுவில் கொடிகளுக்குள் மங்கலாகப் பூ மாதிரி ஏதோ தெரியும். தண்ணீர் உறிஞ்சிய பிறகு பார்த்தால் அவை பறவைகள். சின்னச் சின்ன நீலப் பறவைகள், ஒரு சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கண் வைத்து நெய்திருந்தது. செல்லத்தாய் கரண்டியோடு ஓடி வந்தாள், அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். மடத்திலேயே இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற அவளும் அந்தப் பறவைகளைப் பார்த்ததில்லையாம். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்து ஓரத்தில் நின்றார்கள். கம்பளத்தில் கால் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பூதலிங்கத்தின் கண்ணில் நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

மணி நாலாகிவிட்டது. ஒரே ஒரு இடம் பாக்கி.

மைதீன் பிச்சை அந்த இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மிஷினை ஒதுக்கிவிட்டு, துணியை ஒற்றி ஒற்றி எடுத்தார். எண்ணெய் முழுக்கப் போயிற்று. வெள்ளைக் கொடியில் ஏறிய சிவப்பு முக்கால்வாசி இறங்கியது. ஆனால் அந்த மயிர் மட்டும் படியவில்லை. சீப்பு மாதிரி ஒன்றால் வாரிப் பார்த்தார். வாரின பிறகும், நோயில் விழுந்து எழுந்தவர் தலை மாதிரி சொரசொரவென்று நின்றது.

“எண்ணெய் போயிட்டு ஐயா. நீங்க தேய்ச்சது போவாது.”

“எப்பவுமேவா?”

“ஆமா.”

பூதலிங்கம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்படியானால் இனி இந்த இடம் ஆகாதா என்று கேட்டார். மைதீன் பிச்சைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உட்காருவதற்குத்தானே கம்பளம், ஏன் ஆகாது என்றார். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து, மிஷின் குழாயைச் சுருட்டப் போனார்.

எல்லாரும் கலைந்து போனார்கள். நாலு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பூதலிங்கம் கூடத்து ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். குழலம்மா அரிசிச் சுளகை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் பறவைகளைப் பார்த்தார்கள்.

“ராஜபாளையத்துக்கு ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு, அண்ணாச்சி.”

அவர் திடுக்கிட்டார். பிறகு தலையை ஆட்டினார். எப்படிப் போவது என்றார். இன்று பார்த்ததற்குப் பிறகு அவருக்கு முன்னைவிடப் பயமாக இருக்கிறது. உள்ளே எத்தனை தொட்டி இருக்கிறதோ, யாருக்குத் தெரியும். எட்டு வருஷமும் மேலேதான் பெருக்கியிருக்கிறார். உள்ளே தள்ளியிருக்கிறார். மூன்று வயதுப் பிள்ளை, ஒன்றும் அறியாதது, அது வந்து உட்கார வேண்டிய மடி.

“கொஞ்சம் அவகாசம் குடுங்கம்மா. ஒரு மண்டலம் போதும். இந்த அழுக்கோட நான் எப்படி எம் மக முகத்துல முழிப்பேன்?”

குழலம்மா அவர் தோளில் நனைந்து கிடந்த துண்டை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள். உதறினாள். திரும்ப அவர் தோளிலேயே போட்டாள்.

“அன்னைக்கு வாசல்ல நின்னது அவதான அண்ணாச்சி? அவ பாக்காத அழுக்கா உங்கட்ட இருக்கு? தெரிஞ்சுதான கூப்பிட்டிருக்கா.”